ப்ரைமர் சரியாக உட்காரவில்லையா? முதலில் குழியைப் பாருங்கள்

சுட்ட பித்தளைக் கூடுகளில் ப்ரைமர், பவுடர், புல்லட் மூன்றையும் புதிதாகப் போட்டு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: "இந்த டப்பா ப்ரைமர் சரியில்லை, அங்கங்கே வெடிக்க மாட்டேன் என்கிறது." ப்ரைமர் என்பது கூட்டின் அடியிலுள்ள குழியில் பொருந்தி, துப்பாக்கி ஊசி அடித்ததும் பவுடருக்குத் தீ வைக்கும் சின்ன வில்லை. வெடிக்காத தோட்டாவை மறுபடி போட்டுச் சுட்டால் வெடிக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். அப்படியானால் ப்ரைமர் மேல் பழி போட முடியாது. அது குழியின் அடிவரை போய் உட்காரவில்லை. ஊசியின் முதல் அடி ப்ரைமரை உள்ளே தள்ளுவதிலேயே தீர்ந்துபோகிறது, இரண்டாவது அடிதான் அதை வெடிக்க வைக்கிறது.

டெக்சாஸில் பல வருடங்களாக .223, 9 மி.மீ., .45 ஏசிபி என்ற மூன்று வகைத் தோட்டாவையும் நானே நிரப்பிச் சுடுகிறேன். இங்கே அது சட்டப்படி சாதாரணமான பொழுதுபோக்கு. இந்தியாவில் அப்படி இல்லை. 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊரிலிருந்து படிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரைமருக்குள் ஒரு கிண்ணம், அதில் ஒட்டிய வெடிமருந்து, அதற்கு மேலே மூன்று கால் கொண்ட சின்னத் தகடு. அந்தத் தகட்டை அன்வில் என்பார்கள். அதன் கால்கள் குழியின் தரையைத் தொட்டு, இன்னும் மயிரிழை அழுந்தினால்தான் ஊசி அடிக்கும்போது மருந்து நசுங்கித் தீப்பிடிக்கும். கூட்டின் அடிமட்டத்திலிருந்து 0.003 முதல் 0.005 அங்குலம் வரை ப்ரைமர் உள்ளே இறங்கியிருந்தால் நல்லது. கேலிப்பரின் பின்முனைக் கம்பியால் இதை அளக்கலாம். தினசரி வேலைக்கு விரல் நுனியே போதும். தடவும்போது ஒரு சின்னப் பள்ளம் தட்டுப்பட வேண்டும். சந்தேகமாக இருந்தால் கூட்டைக் கண்ணாடி மேல் நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். ஆடினால் ப்ரைமர் துருத்திக்கொண்டு நிற்கிறது.

துருத்தி நிற்பதால் வரும் கெடுதல் தோட்டா வெடிக்காமல் போவது மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ரிவால்வரில் உருளை சுழலாமல் சிக்கும். ஏஆர்-15, எம்1 காரண்ட் போன்ற ரைபிள்களில் ஊசிக்குத் தடுக்கும் ஸ்பிரிங் கிடையாது. தோட்டா இருக்கும் அறையை (சேம்பர்) அடைக்கும் போல்ட் வேகமாக மூடும்போது ஊசி தானாக முன்னே வந்து ப்ரைமரை லேசாகத் தொடும். ப்ரைமர் உயர்ந்து நின்றால், விசையைத் தொடாமலே தோட்டா வெடிக்க வாய்ப்புண்டு. அதனால் அரைத் தானியங்கித் துப்பாக்கிக்கு நிரப்பும் ஒவ்வொரு கூட்டையும் நான் தடவிப் பார்க்காமல் விடுவதில்லை.

சரி, ஏன் உட்கார மறுக்கிறது? .223 நிரப்புகிறவர்களுக்கு முதல் காரணம் கிரிம்ப்தான். ராணுவத்துக்காகச் செய்யும், .223-க்கும் பயன்படும் 5.56 மி.மீ. கூடுகளில் ப்ரைமர் கழன்று விழாமலிருக்க, குழியின் வாய் விளிம்பை அழுத்தி மடக்கியிருப்பார்கள். மிசௌரி மாநிலத்து லேக் சிட்டி ஆலையின் கூடுகள் சுடும் இடமான ரேஞ்சில் நிறையக் கிடைக்கும். அடியில் எல்சி என்ற எழுத்தும், தயாரான வருடத்தின் கடைசி இரண்டு இலக்கமும், பல கூடுகளில் வட்டத்துக்குள் சிலுவைக் குறியும் இருக்கும். பழைய ப்ரைமரைச் சுற்றி ஒரு வளையத் தடம் தெரிந்தால் அது கிரிம்ப். பழையதைத் தட்டி எடுத்த பிறகும் அந்த மடிப்பு அங்கேயேதான் இருக்கும். புது ப்ரைமரை அதன் மேல் அழுத்தினால் விளிம்பு மோதி, தலைமுடி மாதிரி ஒரு பித்தளைச் சுருள் சீவிக்கொண்டு வரும், கிண்ணத்தின் ஒரு பக்கம் நசுங்கும். அந்தச் சுருளைப் பார்த்தால் உடனே நிறுத்துங்கள். இன்னும் பலமாக அழுத்துவது தீர்வல்ல.

மடிப்பை எடுக்க இரண்டு வழி. ரீமர் என்ற சுழற்றிச் சீவும் கருவியால் எடுக்கலாம், இல்லையென்றால் ஸ்வேஜ் செய்து, அதாவது உள்ளே ஒரு குமிழை அழுத்தி, வாயை விரிக்கலாம். நான் முதலில் கை ரீமர் வைத்திருந்தேன். மலிவு, சட்டென்று வேலை முடியும். ஆனால் கை கொஞ்சம் சாய்ந்தாலும் வாய் ஒரு பக்கம் அகலமாகிவிடும், சீவிய பித்தளை திரும்ப வராது. இப்போது மேஜையில் பொருத்திய டில்லன் சூப்பர் ஸ்வேஜ் 600தான் என் கருவி. கூட்டுக்கு உள்ளிருந்து ஒரு கம்பி தாங்கிப் பிடிக்க, அடியிலிருந்து குமிழ் ஏறும். அழுத்தம் கூட்டின் வாய்க்குப் போகாமல் குழியில் மட்டும் விழுகிறது. இதில் ஒரு சங்கதி: கூட்டின் அடித்தரை கனம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்கம்பியை ஒரு கம்பெனிக் கூட்டுக்குச் சரிசெய்துவிட்டு எல்லாக் கூட்டையும் கலந்து போட்டால், சிலதில் மடிப்பு பாதி நிற்கும், சிலதில் குழி தளர்ந்துவிடும். அடிமுத்திரை பார்த்துப் பிரித்த பிறகே ஸ்வேஜ் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் இதில்தான் பாதிப் பிரச்சினை தீர்கிறது.

அப்புறம் கருவி விஷயம். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் பல வேலையைச் செய்யும் ப்ராக்ரெசிவ் பிரஸ்ஸில் ப்ரைமர் போடுவது வேகம். ஆனால் நீளமான கைப்பிடி எல்லாத் தடையையும் விழுங்கிவிடும், கிரிம்ப் மோதுவதே கைக்குத் தெரியாது. கூடுகளைப் பிடித்திருக்கும் ஷெல் பிளேட் என்ற தட்டின் போல்ட் (திருகு) கொஞ்சம் தளர்ந்தால் போதும், தட்டு மேலே தூக்கிக்கொண்டு வரிசையாக எல்லா ப்ரைமரும் உயர்ந்து நிற்கும். ஆகவே ப்ரைமர் உயரம் திடீரென்று மாறினால் முதலில் அந்த போல்ட்டைப் பார்ப்பேன், அடுத்து அழுத்தும் தண்டின் தலையை. அங்கே ஒரு துளி பவுடர் ஒட்டியிருந்தாலும் ஒவ்வொரு ப்ரைமரிலும் அதே இடத்தில் பள்ளம் விழும்.

.223 மட்டும் கைக்கருவியில் போடுகிறேன். லீவரை அழுத்தும்போது ப்ரைமர் நுழைவதும், தரை தட்டி நிற்பதும் உள்ளங்கையில் தனித்தனியாகத் தெரியும். எந்த டயலும் இதைச் சொல்லாது. குறையும் இருக்கிறது: நிறையக் கூடு போட்டால் கட்டைவிரல் மூட்டு வலிக்கும், பிளாஸ்டிக் லீவர் நாளடைவில் தேயும், கூட்டைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் கரி சேர்ந்தால் கூடு சாய்ந்து உட்காரும். மூட்டுவலி உள்ளவர்கள் மேஜையில் பொருத்தும் வகையை வாங்குவது நல்லது. எந்தக் கருவியானாலும் கையேட்டைப் படியுங்கள். எந்த பிராண்டு ப்ரைமரை அதன் தட்டில் போடலாம் என்பதைக்கூடச் சில கையேடுகளில் எழுதியிருப்பார்கள்.

.45 ஏசிபியில் வேறு பொறி. இந்தக் கூட்டுக்குப் பரம்பரையாகப் பெரிய ப்ரைமர்தான், விட்டம் 0.210 அங்குலம். இப்போது 0.175 அங்குலச் சின்ன ப்ரைமர் குழியோடும் கூடுகள் வருகின்றன. ரேஞ்சில் பொறுக்கியதில் இரண்டும் கலந்திருக்கும். சின்னக் குழியில் பெரிய ப்ரைமரை பிரஸ் நசுக்கினால் வெடிக்கக்கூடும். பழைய ப்ரைமரை எடுப்பதற்கு முன்பே கண்ணால் பார்த்துப் பிரித்துவிடுங்கள். பெரிய ரைபிள் ப்ரைமரையும் பெரிய பிஸ்டல் ப்ரைமரையும் குழப்ப வேண்டாம். விட்டம் ஒன்று, ரைபிள் ப்ரைமர் உயரம் அதிகம். பிஸ்டல் குழியில் அது துருத்தியே நிற்கும்.

ஆழம் எல்லாம் சரியாக இருந்தும் வெடிக்கவில்லை என்றால் துப்பாக்கியைப் பாருங்கள். விசையை லேசாக்க ஸ்பிரிங் மாற்றிய ரிவால்வர்கள் கெட்டிக் கிண்ணமுள்ள ப்ரைமரில் தடுமாறும். வெடிக்காத தோட்டாவோடு உடனே சேம்பரைத் திறக்காதீர்கள். குழலை இலக்குப் பக்கமே பிடித்து அரை நிமிடம் காத்திருங்கள்.

ப்ரைமர் போடும்போது பாதுகாப்புக் கண்ணாடி அணிவது கட்டாயம். வெடிமருந்தில் ஈயக் கலவை உண்டு, ஆகவே வேலை முடிந்ததும் கையைக் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பக்கத்தில் சாப்பாடு, காபி வேண்டாம். மிச்ச ப்ரைமரைக் கம்பெனி அட்டையிலேயே திருப்பி வையுங்கள். கண்ணாடி பாட்டிலில் மொத்தமாகக் கொட்டினால் ஒன்று வெடித்து எல்லாமே வெடித்துவிடும். பக்கவாட்டில் சிக்கிய ப்ரைமரைச் சுத்தியால் தட்டாதீர்கள். பவுடரும் புல்லட்டும் இல்லாத கூடு என்பதை உறுதி செய்துகொண்டு, பிரஸ்ஸில் மெதுவாக, ஒரே சீரான அழுத்தத்தில் வெளியே தள்ளுங்கள்.

கடைசியாக, எதிர்ப்பக்கத் தொல்லை. விரலால் தள்ளினாலே ப்ரைமர் நுழைகிறது என்றால் குழி விரிந்துவிட்டது. அதிக அழுத்தத்தில் பல முறை சுட்ட கூடு அது. பக்கவாட்டில் கசியும் வாயு போல்ட் முகத்தை அரித்துக் குழி போட்டுவிடும். 2020-க்குப் பிறகு ப்ரைமரும் கூடும் விற்ற விலையைப் பார்த்தவர்களுக்கு ஒரு கூட்டைத் தூக்கி எறியவும் மனம் வராது. இருந்தாலும் எறியத்தான் வேண்டும். ப்ரைமர் போட்டிருந்தால் அதை மேலே சொன்னபடி மெதுவாக எடுத்துவிட்டு, வெறும் கூட்டின் வாயை இடுக்கியால் நசுக்கிப் கழிவுப் பித்தளைக்கான வாளியில் போடுகிறேன். நசுக்காமல் போட்டால் எப்படியோ திரும்பவும் நல்ல குவியலுக்குள் வந்துவிடுகிறது.