ரேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீரா, கூலன்டா, நனோத் திரவமா?

யாழ்ப்பாணத்தில் பழைய வான், லொறி வைத்திருப்பவர்களில் சிலர் இன்னும் கிணற்றுத் தண்ணீரைத்தான் ரேடியேற்றரில் ஊற்றுகிறார்கள். மற்றவர்கள் கூலன்ட் வாங்குகிறார்கள். இப்போது நனோத் துணிக்கை கலந்த திரவம் பற்றியும் பேச்சு வருகிறது. "அதை ஊற்றினால் எஞ்சின் சூடே ஏறாதாமே?" என்று கேட்பவர்களுக்காக மூன்றையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்கலாம்.

வெப்பத்தைச் சுமப்பதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. அதன் வெப்பக் கடத்துதிறன் சர்வதேச அலகில் 0.6. கூலன்டில் உள்ள எதிலீன் கிளைக்கோலுக்கு 0.25 தான். ஆனால் எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக்கல்லில் ஊறும் தண்ணீர் தருபவை. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. அந்தப் படிவின் கடத்துதிறன் 2 என்றே வைத்தாலும், வார்ப்பிரும்புக்கு ஏறத்தாழ 50. ஆக ஒரு மில்லிமீற்றர் படிவு, 25 மில்லிமீற்றர் இரும்பைக் கூடுதலாக ஒட்டியதற்குச் சமம். துரு வேறு. வழியில் அவசரத்துக்கு ஊற்றலாம். நிரந்தரமாக வேண்டவே வேண்டாம்.

கூலன்டை உறைபனி நாடுகளுக்கான பொருள் என்று நினைக்கிறவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் தேவையானது துருவைத் தடுக்கும் சேர்மானங்களும் கூடிய கொதிநிலையும். தண்ணீருடன் பாதிக்குப் பாதி கலந்தால் சாதாரண அமுக்கத்தில் 107 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். நுவரெலியா ஏறுகிற வானுக்கு அது பெரிய காப்பு. அப்புறம், கலப்பதற்குக் காய்ச்சி வடித்த தண்ணீர் வேண்டும். கிணற்றுத் தண்ணீரைக் கலந்தால் கூலன்டுக்குக் கொடுத்த காசு வீண்.

இனி நனோத் திரவம். 1995இல் அமெரிக்காவின் ஆர்கோன் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் சோய் முன்வைத்த எண்ணம் இது: திரவத்தை விடத் திண்மம் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், எனவே திண்மத்தை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கித் திரவத்தில் மிதக்கவிடுவோம். ஒரு லீற்றர் தண்ணீரில் கனவளவில் நூற்றுக்கு ஒரு பங்கு அலுமினியம் ஒட்சைட்டு, 20 நனோமீற்றர் உருண்டைகளாக இருக்கிறது என்று வையுங்கள் (மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர்). எடை 39 கிராம் வரும். அந்த உருண்டைகளின் மேற்பரப்பைக் கூட்டினால் ஏறத்தாழ 3000 சதுர மீற்றர், அதாவது 12 பரப்புக் காணி! முதல் தடவை இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்கே நம்ப முடியவில்லை.

வெப்பம் கைமாற அவ்வளவு இடம். ஆனால் வெப்பம் தடைப்படுவதும் அந்த மேற்பரப்பில்தான். திண்மமும் திரவமும் சந்திக்கும் எல்லையில் வெப்பநிலை சட்டென்று விழும் என்பதை 1941இல் ரஷ்யப் பௌதிகவியலாளர் கபிற்சா திரவ ஹீலியத்தில் கண்டார். தண்ணீரில் இந்தத் தடை சில நனோமீற்றர் தடிப்பான நீர்ப்படலத்துக்குச் சமம். பெரிய குழாயில் அது பொருட்டல்ல. 20 நனோமீற்றர் உருண்டைக்கு அது பெரிய விடயம்.

2001இல், கிளைக்கோலில் 0.3 சதவீதம் செப்புத் துணிக்கை சேர்த்ததும் கடத்துதிறன் 40 சதவீதம் கூடியதாக ஓர் ஆய்வு வந்தது. பரபரப்புக்குக் காரணம் அதுதான். 2009இல் முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகூடங்கள் ஒரே மாதிரிகளைப் பகிர்ந்து அளந்தபோது அப்படியான அதிசயம் எதுவும் தென்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் காலத்துக் கோட்பாட்டின் வழிவந்த கணக்கே பொருந்தியது. அதன்படி மேலே சொன்ன கலவைக்குக் கூடுவது 3 சதவீதம் அளவுதான். பிசுக்குமையோ, அதாவது திரவம் ஓடாமல் இழுக்கும் தன்மையோ, ஐன்ஸ்டைனின் சூத்திரப்படியே 2.5 சதவீதம் கூடும். உண்மையில் அளந்தால் பெரும்பாலும் அதைவிட நிறைய. பம்புக்கு அந்தளவு கூடுதல் வேலை.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு சிக்கலும் இருக்கிறது. துணிக்கைகளைப் பெரும்பாலும் மேற்பரப்பு மின்னேற்றம்தான் ஒன்றையொன்று ஒட்டவிடாமல் விலக்கி வைத்திருக்கிறது. எங்கள் கிணறுகளில் வரும் சுண்ணாம்பு கரைந்த வன்னீரில் உள்ள கல்சியம் அயன்கள் அந்த விலக்கத்தைக் குறைத்துவிடும். துணிக்கைகள் திரண்டு அடியில் படியும். வழியில் ஒருமுறை கிணற்றுத் தண்ணீர் விட்டு நிரப்பினாலே போதும், நனோத் திரவம் சேறாகிவிடலாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. ரேடியேற்றரில் வெப்பத்துக்குப் பெரிய தடை திரவப் பக்கத்தில் இல்லை, காற்றுப் பக்கத்தில் இருக்கிறது. உள்ளே ஓடுவதன் கடத்துதிறனை 3 சதவீதம் கூட்டினாலும் எஞ்சின் சூட்டைக் காட்டும் ஊசியில் ஒன்றும் தெரியாது. தகடுகளுக்கிடையே அடைத்த புழுதியையும் பூச்சியையும் கழுவினால் தெரியும்.

என் தேர்வு கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும். நனோத் திரவத்துக்கு மூடிய சுற்றுள்ள சிறிய மின்னணுக் குளிரூட்டிகளில் இடம் கிடைக்கலாம். அங்கே காற்றுப் பக்கத் தடையைக் குறைத்து வடிவமைக்கலாம், திரவத்தின் தூய்மையையும் காக்கலாம். வானில் ஊற்ற யாராவது போத்தலைக் கொண்டுவந்தால், ஆறு மாதத்துக்குப் பிறகு அடியில் எவ்வளவு படிந்திருக்கும் என்று முதலில் கேளுங்கள்.