ஹாஸ்டல் அறையிலிருந்து டோர்: ஸ்னோஃப்ளேக்கா, பிரிட்ஜா, ரிலேயா?

டோர் என்பது நாம் யார், எங்கிருந்து வருகிறோம் என்று காட்டாமல் இணையத்தைப் பார்க்க உதவும் நெட்வொர்க். அதன் டிராஃபிக்கைக் கைமாற்றி அனுப்பும் தன்னார்வலர்களின் கணினிதான் ரிலே. டோர் ரிலே நடத்த வேண்டும் என்று வரும் ஜூனியர்களிடம் நான் முதலில் கேட்பது, "உனக்குப் பொது ஐபி முகவரி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய இணைய முகவரி) இருக்கா?" என்பதைத்தான். ஹாஸ்டல் வைஃபையில் நாம் அத்தனை பேரும் ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கிறோம். வெளியிலிருந்து நம் லேப்டாப்பை நேரடியாக எட்ட முடியாது. அப்படியிருந்தால் ரிலே ஓடாது. இது தெரியாமல் நான் இரண்டு இரவு கான்ஃபிக் கோப்பைத் திருத்திக்கொண்டே இருந்தேன். ஓஆர் போர்ட்டை (டோர் இணைப்புகள் ரிலேவுக்குள் வரும் வாசல்) எட்ட முடியவில்லை என்றே லாக் திரும்பத் திரும்பச் சொன்னது.

ஸ்னோஃப்ளேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன், அவ்வளவுதான். இணையம் தடுக்கப்பட்ட நாட்டில் இருப்பவர், பார்வைக்கு வீடியோ கால் போலிருக்கும் இணைப்பில் நம் வழியாக டோருக்குள் நுழைகிறார். அவர் பார்க்கும் தளங்களுக்கு நம் முகவரி தெரியாது. 2022 செப்டம்பரில் ஈரானில் போராட்டம் வெடித்தபோது ஏராளமானோர் இந்த வழியாகத்தான் வெளியே வந்தார்கள். யாராவது இணைந்ததும் ஐகான் பச்சையாகும். பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பச்சையைப் பார்ப்பது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம். லேப்டாப்பை மூடினால் இணைப்பு போய்விடும், அது ஒன்றுதான் குறை.

கையில் கொஞ்சம் காசு இருந்து விபிஎஸ் (வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்) எடுக்க முடிந்தால், அடுத்த கேள்வி பிரிட்ஜா, நடு ரிலேயா. டோர் தடுக்கப்பட்டவர்கள் உள்ளே நுழைய உதவும் ரிலே பிரிட்ஜ்; டோருக்குள்ளேயே டிராஃபிக்கைக் கைமாற்றுவது நடு ரிலே. நடு ரிலேவுக்குக் குறைந்தது 10 எம்பிபிஎஸ் வேகமும் மாதம் 100 ஜிபி டிராஃபிக்கும் வேண்டும். புது ரிலேவை நெட்வொர்க் உடனே நம்பிவிடாது. முழு டிராஃபிக் வர இரண்டு மாதம்கூட ஆகும். முகவரி பொதுப் பட்டியலில் ஏறிவிடும். எக்ஸிட்டாக (டிராஃபிக் டோரை விட்டு வெளி இணையத்துக்குப் போகும் கடைசி ரிலே) இல்லாவிட்டாலும் சில தளங்கள் அந்தப் பட்டியலையே மொத்தமாகத் தடுக்கின்றன. வீட்டு இணைப்பில் ரிலே வேண்டாம் என்று நான் சொல்வது அதனால்தான். பிரிட்ஜ் அந்தப் பட்டியலில் வராது, 1 எம்பிபிஎஸ் போதும். மாணவர் வாங்கும் மலிவு பிளானுக்கு என் தேர்வு பிரிட்ஜ். ஆனால் ரிலே ஓடிய முகவரியிலேயே அப்புறம் பிரிட்ஜ் வைக்காதீர்கள். தடுப்பவர்கள் கையில் அந்த முகவரி ஏற்கெனவே இருக்கும்.

எக்ஸிட் ரிலேயைத் தனி ஆளாக, சொந்தப் பெயரில் நடத்தவே வேண்டாம். யாரோ செய்ததற்கான புகார் நம் முகவரிக்கு வரும். பல்கலைக்கழகத்தின் பெயரில், நெட்வொர்க் துறையின் சம்மதத்தோடு என்றால் சரி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் கில்டன் நூலகம் 2015-இல் வைத்தது எக்ஸிட்கூட இல்லை, நடு ரிலேதான். அதற்கே போலீஸ் வந்து பேசியது, ரிலேயை நிறுத்தினார்கள். செப்டம்பரில் நூலகக் குழு கூடி, ஊர்மக்கள் பேசியதைக் கேட்டு, மறுபடி ஓடவிட்டது. கல்லூரியில் எக்ஸிட் வேண்டுமென்றால், முதல் புகார் வருவதற்கு முன்பே துறைத்தலைவரிடமும் நெட்வொர்க் அட்மினிடமும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.