போன் அழைப்பா, ஊருக்குள் முகாமா, ஞாயிறு ஊசியா?

தடுப்பூசி விட்டுப்போன குழந்தைகளைப் பிடிக்க ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் சரி, தனியார் கிளினிக்குக்கும் சரி, மூன்று வழிகள் உண்டு: பட்டியல் போட்டுப் போனில் கூப்பிடுவது, கேரியரோடு (தடுப்பூசியைக் குளிராக எடுத்துச் செல்லும் பெட்டி) ஊருக்கே போய் முகாம் போடுவது, வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதான நேரத்தில் ஊசி போடுவது. எதை எடுப்பது என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும்.

முதல் பென்டா (ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி) போட்ட குழந்தைகள் 50. அதே குழந்தைகளில் 9 மாத எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசிக்கு வந்தவர்கள் 41 என்று வைத்துக்கொள்வோம். 9 பேர், அதாவது 18 சதவீதம், வழியில் நின்றுவிட்டார்கள். 10 சதவீதத்தைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும். இங்கே குடும்பத்துக்கு வழி தெரியும், ஒருமுறை வந்தும் இருக்கிறார்கள், போன் போதும். பிறப்புக் கணக்கோடு ஒப்பிட்டால் முதல் பென்டாவே குறைகிறது என்றால் போன் உதவாது. குழந்தை உங்களிடம் வந்தே சேரவில்லை. நீங்கள்தான் போக வேண்டும்.

போன் வழி செலவில்லாதது, ஆனால் நம்பரில்தான் சறுக்கும். உதாரணத்துக்கு, தலைப்பிரசவம் தர்மபுரி மாவட்டம் பாலக்கோட்டில், தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தையைப் புகுந்த வீட்டுக்கு, அரூருக்கோ பெங்களூருக்கோ, கூட்டிப் போய்விடுவார்கள். இங்கே 'ஊரில் இல்லை' என்று எழுதப்படும். அங்கே பெயரே ஏறாது. அதனால் முதல் ஊசியன்றே அப்பா நம்பர், பாட்டி நம்பர் இரண்டையும் வாங்கி, 'அடுத்த ஊசிக்கு எந்த ஊரில் இருப்பீர்கள்' என்றும் கேட்டு எழுத வேண்டும். புதன் ஊசி நாள் என்றால் திங்கள் மாலை ஆறு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் தோட்டத்தில் இருப்பவர்கள் எடுக்கமாட்டார்கள். எடுத்ததும் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: 'போன தடவை காய்ச்சல் வந்துச்சு, சளி இருக்கு, நாள் தாண்டிடுச்சு.' லேசான சளிக்கு ஊசியை நிறுத்த வேண்டியதில்லை. நாள் தாண்டினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து, பென்டாவுக்கு 4 வார இடைவெளி வைத்துத் தொடரலாம். இதைப் பொறுமையாகச் சொல்லத் தெரிந்த செவிலியர் கூப்பிட வேண்டும். குறுஞ்செய்தி இந்த வேலையைச் செய்யாது.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டிப் பக்கத்து மலையூர்களுக்கு முகாம்தான் வழி. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பின் 4 குழந்தைகள் இறந்தபோது, தமிழகத்தில் ஊருக்குள் ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னார்கள். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முழுத் தடுப்பூசி 2005-06ல் 80.9 சதவீதம், 2015-16ல் 69.7. அது ஒன்றே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு நாள் கூலியையும் பஸ் வழியையும் தாயின் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதை மறக்கக் கூடாது.

முகாமில் கெடுவது இரண்டு இடத்தில். ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு கேரியரில் வைத்தால் பென்டா, பி.சி.வி. (நிமோனியாவுக்கான ஊசி) உறைந்து வீரியம் போய்விடும். வெளியே வைத்து, வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர்ச் சத்தம் கேட்ட பிறகே நான்கு ஐஸ் பேக்கையும் கேரியரில் அடுக்க வேண்டும். அடுத்தது எம்.ஆர்.: ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், கலக்கிய பிறகு 4 மணி நேரம்தான் தாங்கும். 'ஒரு குழந்தைக்காக உடைப்பதா' என்று திருப்பி அனுப்புகிறார்கள். உடைக்கலாம், உடைக்கத்தான் வேண்டும். மீதி மருந்து வீணாவதை விட, திருப்பி அனுப்பிய தாய் மறுபடி வராமல் போவது பெரிய நஷ்டம்.

ஞாயிறு ஊசி ஓசூருக்குப் பொருந்தும். தொழிற்சாலை ஷிப்டில் இருப்பவர்களுக்குப் புதன்கிழமை விடுப்பு கிடைப்பது பாடு. தெலுங்கு, கன்னடம், இந்தி பேச ஒருவர் வேண்டும். மற்ற வட்டங்களில் இதற்கு ஆளைப் போடுவது வீண். தனியார் கிளினிக்கில் போட்ட ஊசியை அட்டையில் மருந்தின் பெயரோடு எழுதித் தர வேண்டும்; இல்லாவிட்டால் ஊசி போட்ட குழந்தையும் கிராம சுகாதார செவிலியரின் பட்டியலில் விடுபட்டதாகவே நிற்கும்.

ஒரே ஒரு செவிலியர்தான் இருக்கிறார் என்றால் முதல் மாதம் போன் மட்டும் போதும். மூன்று முறை கூப்பிட்டும் கிடைக்காத பெயர்களை ஊர்வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஊரில் ஐந்தாறு பெயர் சேர்ந்தால், அடுத்த கேரியர் அந்த ஊருக்குப் போகட்டும்.