ஆயாவுக்கு எந்தப் பயிற்சி, கவுன்சிலருக்கு எந்தப் பயிற்சி?

பெங்களூரில் அல்சூர், ஸ்ரீராமபுரம் பக்கம் பால்வாடியோ சின்ன டே கேரோ நடத்தும் நம் ஆட்களிடம் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. அடிதடி நடக்கும் வீட்டிலிருந்து வரும் பிள்ளை, அம்மாவைப் பறிகொடுத்த பிள்ளை, தூக்கத்தில் அலறி எழும் பிள்ளை. இவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எந்தப் பயிற்சி கொடுப்பது? கைக்கு எட்டுவது மூன்று வழிகள்: பெங்களூரின் மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்தும் சம்வாத் பயிற்சி, உலக சுகாதார நிறுவனத்தின் உளவியல் முதலுதவி, அமெரிக்காவில் உருவான சிகிச்சைப் பாடங்கள்.

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு பகல் முழுக்க இருப்பவர்களுக்கு என்றால் சம்வாத் வழிதான் சரி என்பது என் கருத்து. மற்ற இரண்டும் மோசம் என்பதில்லை, அவை வேறு ஆட்களுக்கானவை.

சிகிச்சைப் பாடங்களில் பலரும் முதலில் தேடிப் போவது டிஎஃப்-சிபிடி (TF-CBT) என்ற பேச்சு வழிச் சிகிச்சை. 3 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. நடந்ததைப் பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி, அதன் பயத்திலிருந்து வெளியே வர உதவும் முறை. ஆராய்ச்சி ஆதாரம் வலுவாக இருக்கிறது. ஆனால் இது மனநலத்தில் முறையாகப் படித்தவர்களின் கையில் இருக்க வேண்டியது. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு வரும் டீச்சர், "என்ன நடந்துச்சு, சொல்லு கண்ணா" என்று திரும்பத் திரும்பத் தோண்டினால் பிள்ளைக்குப் புண்தான் பெரிதாகும். பிறந்த குழந்தை முதல் 5 வயது வரைக்கும் சிபிபி (CPP) என்று இன்னொரு முறை உண்டு. தாயையும் பிள்ளையையும் சேர்த்து உட்காரவைத்துச் செய்வது. அதற்கான பயிற்சியே 18 மாதம் நீளும். மருத்துவமனைக்கு அருமையானது, பால்வாடிக்கு எட்டாதது.

உளவியல் முதலுதவிக் கையேடு 2011-ல் வந்தது. பார், கேள், உதவியோடு இணை என்று மூன்றே படிகள், ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். விவரம் கேட்டு யாரையும் வற்புறுத்தாதே என்பதை இவ்வளவு தெளிவாகச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி குறைவு. கைக்குழந்தை என்றால் சத்தத்திலிருந்து விலக்கி வை, அணைத்துக்கொள், பால் கொடுக்கும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் மாற்றாதே என்றெல்லாம் சொல்கிறது. தீ விபத்து, வெள்ளம் என்று திடீரென்று ஏதாவது நடந்தால் இதுதான் வேண்டும். தினமும் காலையில் அதே வீட்டிலிருந்து அதே பயத்தோடு வரும் பிள்ளைக்கு மட்டும் இது போதாது.

சம்வாத், நிம்ஹான்ஸின் குழந்தைகள் மனநலத் துறையிலிருந்து மத்தியப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்தின் ஆதரவோடு நடப்பது. காப்பகப் பணியாளர்கள், ஆசிரியர்கள், கவுன்சிலர்கள் என்று பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களுக்கானது. நடித்துப் பார்ப்பது, நிஜமாக நடந்த பிரச்சினைகளைப் பேசுவது என்று போகும். உதாரணங்கள் நம் ஊர் வாழ்க்கையிலிருந்து வருகின்றன. பிள்ளை ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்கப் பழக்குகிறார்கள். சின்னப் பிள்ளைக்கு இதைவிட முக்கியம் எதுவுமில்லை. மூன்று வயதுப் பிள்ளை தன் கஷ்டத்தை வாயால் சொல்லாது. பழகிப்போன கழிப்பறைப் பழக்கம் போய்விடும், பேசிய வார்த்தைகள் குறையும், யாராவது கை ஓங்கினாலே தலையை மூடிக்கொள்ளும். இன்னும் சில பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருக்கும். "நல்ல பிள்ளை, சத்தமே போடாது" என்று நாம் பாராட்டுவதில் சிலது பயத்தில் உறைந்துபோன பிள்ளை.

அப்புறம் சட்டம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012-ன் 19-வது பிரிவுப்படி, ஒரு பிள்ளை மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், நடக்குமோ என்று அஞ்சினாலும்கூட, போலீசுக்குச் சொல்வது எல்லாருடைய கடமை. நடந்தது தெரிந்தும் சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. அமெரிக்கப் பாடத்தில் இதுவும் வராது, பிள்ளைகளுக்கான 1098 உதவி எண்ணும் வராது.

சம்வாதிலும் குறை உண்டு. ஆங்கிலக் கையேட்டை ஆயா படிக்கமாட்டார். பயிற்சிக்குப் போய் வந்தவர் உட்கார்ந்து தமிழில் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. "அழுதா ஊசி போட்டுடுவேன்", "போலீஸ்ல பிடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று நாம் தமிழில்தானே மிரட்டுகிறோம். அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது என்பதையும் தமிழிலேயே சொல்லிப் பார்த்துப் பழக வேண்டும்.

எங்கே போனாலும், சிறுவயதில் பட்ட கஷ்டங்களை எண்ணிக் கூட்டும் ஏசிஇ (ACE) என்ற மதிப்பெண் தாளைப் பிள்ளைகளுக்கு நிரப்பச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1998-ல் வந்த அந்த ஆய்வு பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதைப் பற்றிக் கேட்டது. அதை நடத்தியவர்களில் ஒருவரான ராபர்ட் ஆண்டாவே, தனி ஒருவரை எடைபோட அந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்துவது தவறு என்று 2020-ல் எழுதினார்.

பணம் கட்டும் முன் நான் கேட்கச் சொல்வது இரண்டுதான். ஆயாவும் வரலாமா? பயிற்சி முடிந்து ஒரு மாதம் கழித்துச் சந்தேகம் வந்தால் யாரைக் கூப்பிடுவது? ஒரு நாள் வகுப்போடு எல்லாம் முடிந்தால், பழைய பழக்கம் சீக்கிரமே திரும்பிவிடும். இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் டீச்சரையும் ஆயாவையும் சேர்த்தே அனுப்புங்கள். பிள்ளையைத் தூங்கவைப்பது, கழுவிவிடுவது, அம்மா வரும்வரை இடுப்பில் வைத்திருப்பது எல்லாம் ஆயாதான். அன்றைய சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுத்து, பஸ் செலவையும் கொடுங்கள்.