கடலூர் வெயிலில் ஓவர்கிளாக்: ரைசன் 5 5600, இரண்டு கோடைக்குப் பிறகு

ரைசன் 5 5600 ப்ராசசரையும் டிடிஆர்4 மெமரியையும் ஓவர்கிளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஏற்றி, ஓட்ட ஆரம்பித்து இரண்டு கோடை தாண்டிவிட்டது. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். கம்ப்யூட்டர் இருப்பது மாடி அறையில், ஏசி கிடையாது. யூடியூபில் ஓவர்கிளாக் சொல்லித் தருகிறவர்கள் பெரும்பாலும் ஏசி அறையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கத்திரி வெயிலில் நம் மாடி அறை மதியம் 36, 37 டிகிரிக்குப் போய்விடும். காற்றால் குளிர்விக்கும் கூலர் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், ப்ராசசரை அறையின் சூட்டுக்குக் கீழே கொண்டுபோகாது. அவர்களுக்கு 75 காட்டுகிற செட்டிங் இங்கே 90ஐ நெருங்கும். இந்த ப்ராசசருக்கு ஏஎம்டி வைத்திருக்கும் உச்ச வரம்பே 90 டிகிரிதான்.

மதர்போர்டு பி550. ஏ520 போர்டில் ப்ராசசர் ஓவர்கிளாக் வராது, வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மெமரி 8 ஜிபி ஸ்டிக் இரண்டு. பகலில் கல்யாண வீடியோ எடிட்டிங், ராத்திரி கேம்.

புதிதாக இறங்குகிறவர்கள் மெமரியிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. அட்டைப்பெட்டியில் 3200 என்று போட்டிருந்தாலும், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்கும் போர்டு செட்டிங்) எதையும் தொடாமல் விட்டால் பல ஸ்டிக்குகள் 2133லோ 2666லோதான் ஓடும். எக்ஸ்எம்பியை, அதாவது மெமரி கம்பெனி ஸ்டிக்கிலேயே பதிந்து வைத்த வேக செட்டிங்கை, ஆன் செய்தால் 1.35 வோல்ட்டில் 3200க்கு வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய வேகத்தை வாங்கிக்கொள்ள ஒரு க்ளிக் போதும். இதையே செய்யாமல் வருஷக்கணக்காக ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

அதற்கு மேல் போனால்தான் விளையாட்டு. ரைசனுக்குள் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் என்று ஒரு இணைப்பு இருக்கிறது. அது மெமரியின் கடிகாரத்தோடு ஒரே வேகத்தில் ஓடினால்தான் பலன். டிடிஆர் மெமரி ஒரு சுற்றில் இரண்டு முறை டேட்டா அனுப்புவதால், 3600 மெமரிக்கு ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸ், 3800க்கு 1900. என் ப்ராசசர் 1900லும் பூட் ஆனது, கேம் ஓடியது, வெளியே ஒரு குறையும் தெரியவில்லை. ஆனால் விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் டபிள்யூஹெச்இஏ என்ற ஹார்ட்வேர் பிழை எச்சரிக்கைகள் வரிசை கட்டி நின்றன. 1800க்கு இறக்கியதும் ஒன்றுகூட இல்லை. ஸ்க்ரீன் நீலமாகவில்லை என்பதற்காகச் செட்டிங் சரி என்று நினைத்துவிடாதீர்கள், அந்த லாகைப் பாருங்கள்.

சிஎல் எண்ணை (டேட்டா வர மெமரி எடுக்கும் கடிகாரச் சுற்றுகள்) 2000ஆல் பெருக்கி மெமரி வேகத்தால் வகுத்தால் முதல் டேட்டா வர எத்தனை நானோசெகண்ட் ஆகிறது என்று கிடைக்கும். 3200 சிஎல்16க்கு 10. 3600 சிஎல்18க்கும் அதே 10. 3600 சிஎல்16க்கு 8.9. கடைசியாகச் சொன்னதில்தான் நான் நிற்கிறேன், 1.4 வோல்ட்டில். வீடியோ ரெண்டரில் வித்தியாசம் சொற்பம். கேமில் சராசரி எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை படம்) கொஞ்சம்தான் கூடியது, ஆனால் கூட்டமான காட்சியில் வரும் திடீர்த் தடுக்கல் நன்றாகக் குறைந்தது. எனக்கு அது போதும்.

மெமரி நம்பரை மாற்றிச் சேவ் செய்ததும் ஸ்க்ரீன் கறுப்பாகிவிடும். ஃபேன் சுற்றும், போர்டில் டிராம் (மெமரி) லைட் மட்டும் எரியும், தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகும். போர்டு மெமரியைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பதறிப்போய்ப் பவர் பட்டனை அழுத்தாதீர்கள். சில நிமிஷம் ஆகியும் வரவில்லை என்றால் பவரை முழுதாகத் துண்டித்து, போர்டில் சிமாஸ் க்ளியர் என்று குறித்த இரண்டு பின்களை ஸ்க்ரூட்ரைவர் முனையால் சில விநாடி சேர்த்துப் பிடித்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். பின்னைத் தேட முடியாவிட்டால் வட்டப் பேட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் கழித்து மாட்டலாம். அப்புறம் மெமரியைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ராத்திரி முழுக்க ஓட விடுவேன். ஒரு எரர் வந்தாலும் அந்தச் செட்டிங் வேண்டாம். மெமரி தப்பு செய்தால் கம்ப்யூட்டர் சொல்லாது, சேமிக்கும் ஃபைலைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். அது கல்யாண வீடியோவாக இருந்தால் யார் பதில் சொல்வது?

ப்ராசசர் விஷயத்தில் என் கருத்து வேறு. எல்லா கோரையும் (ப்ராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 4.6 கிகாஹெர்ட்ஸில் 1.3 வோல்ட் கொடுத்துப் பூட்டிப் பார்த்தேன். ஃபேக்டரி கணக்கில் 76 வாட்டோடு நிற்பது, ரெண்டரில் நூறைத் தாண்டியது. ஃபேன் சத்தத்தில் அம்மா மாடிப்படியிலிருந்தே, "என்னடா அது, மிக்சி ஓடுதா?" என்றார். வேகம் அளக்கும் சினிபெஞ்ச் டெஸ்டில் மார்க் கூடியது வாஸ்தவம்தான். வேலையில் மிச்சமான நேரம் காபி ஆற்றக்கூடப் பத்தாது.

அதை விட்டுவிட்டு பிபிஓவுக்கும் (ப்ராசசர் தானாக வேகம் ஏற்றும் வரம்பைத் தளர்த்தும் ஏஎம்டி வசதி) அதிலுள்ள கர்வ் ஆப்டிமைசருக்கும் வந்தேன். ஒவ்வொரு கோருக்கும் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுப்பதுதான் கர்வ் ஆப்டிமைசர். அதே சூட்டு வரம்புக்குள் ப்ராசசர் தானாக அதிக வேகம் எடுக்கிறது. மைனஸ் 10இல் ஆரம்பித்து ஐந்தைந்தாக இறங்கினேன். இரண்டு கோர் மைனஸ் 15இல் நின்றுவிட்டன, மற்றவை மைனஸ் 25 வரை வந்தன. கோர் கோராகச் சோதிக்க கோர்சைக்ளர் நல்லது. இதில் கிராஷ் வருவது முழு லோடில் இல்லை, சும்மா பிரௌசர் திறந்து வைத்திருக்கும்போதுதான். குறைந்த லோடில் ஒரு கோர் திடீரென்று உச்ச வேகத்துக்குத் தாவும்போது, குறைத்த வோல்டேஜ் போதாமல் போகிறது.

மார்கழியில் தேறிய செட்டிங்கைக் கத்திரியில் மறுபடி சோதித்தே ஆகவேண்டும். மெமரிக்கும் சூடு ஆகாது. 1.42 வோல்ட்டில் ஜனவரியில் சுத்தமாக ஓடிய டைமிங் மே மாத மதியத்தில் எரர் காட்டியது. அந்த டைமிங்கைத் தளர்த்தி 1.4க்கு வந்ததும், மெமரிக்கு நேரே காற்று வர முன்பக்கம் இன்னொரு ஃபேன் வைத்ததும் அப்போதுதான்.

தேவனாம்பட்டினம் பக்கம் கடல் காற்று அடிக்கும் வீடுகளுக்கு ஒன்று: என் கேபினட்டின் பின்பக்க ஸ்க்ரூக்கள் துருவேறிவிட்டன. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனால் தூசி வடிகட்டியை அடிக்கடி துடைக்கிறேன். யுபிஎஸ் இல்லாமல் இந்த ஊரில் பயாஸ் அப்டேட் செய்யவே செய்யாதீர்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே போய்விடலாம்.

அதே ப்ராசசர், அதே போர்டு வாங்கிய சித்தப்பா பையன், "அண்ணா, உன் நம்பரையே போட்டுடறேன்" என்றான். "போடாதடா, சிப்புக்குச் சிப்பு மாறும், மைனஸ் 5லேர்ந்து ஆரம்பி" என்றேன். அவனுடைய ஃபேப்ரிக் 1900இல் ஒரு எச்சரிக்கையும் இல்லாமல் ஓடுகிறது. கர்வில் மட்டும் ஒரு கோர் மைனஸ் 5ஐத் தாண்டவில்லை.