பிவிண்டி கொரில்லா மலையேற்றம்: உதவிய பொருளும் வெறும் சுமையும்

ஜூலை மாதம் உகாண்டாவில் பிவிண்டி காட்டுக்குள் போய் மலைக் கொரில்லா பார்த்துவிட்டு வந்தேன். போட்டோ போட்ட நாளிலிருந்து ஷூ எங்கே வாங்கினாய், எந்த ஏஜென்சி, மொத்தம் எவ்வளவு ஆச்சு என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை. அதனால் வாங்கின பொருள், கொடுத்த காசு, பட்ட பாடு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டிவிடுகிறேன். நான் செய்ததிலேயே உருப்படியான செலவு, காட்டு வாசலில் போர்ட்டருக்குக் கொடுத்த 20 டாலர். உருப்படாத செலவு, 14,000 ரூபாய்க்கு வாங்கிய ஷூ.

முதலில் ஏஜென்சி. பெயர் சொல்லப்போவதில்லை. கொரில்லா பார்க்க வெளிநாட்டவருக்கு உகாண்டாவில் பெர்மிட் 800 டாலர், நம் காசுக்கு 70,000 ரூபாய்க்குப் பக்கம். பக்கத்து ருவாண்டாவில் இதே பெர்மிட் 2017-லிருந்து 1,500 டாலர் என்பதால் எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை நான் கவனிக்காமல் விட்டேன். பிவிண்டிக்குள் போக புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ என்று நான்கு பக்கம் இருக்கிறது, பெர்மிட்டை அந்தந்தப் பக்கத்துக்கென்றே கொடுக்கிறார்கள். எனக்கு ஏஜென்சிக்காரர்கள் வாங்கியிருந்தது காட்டின் தெற்கே ருஷாகாவில், தங்க லாட்ஜ் போட்டிருந்தது வடக்கே புஹோமாவில்! வரைபடத்தில் பார்த்தால் ஒரே காடுதானே, பக்கம்தானே என்று தோன்றும், ஆனால் மலையைச் சுற்றிக்கொண்டு வண்டியில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில் டிரைவர்தான் காகிதத்தைப் பார்த்துவிட்டு முகம் மாறினார். விடியற்காலை மூன்றரை மணிக்குக் கிளப்பி, அந்த மண் ரோட்டில், பனிமூட்டத்தில், ஏழு இருபதுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார் மனுஷன். ஏஜென்சிக்கு ஐந்துக்கு இரண்டு மார்க் போடுகிறேன், அந்த இரண்டும் டிரைவருக்கு. நீங்கள் பணம் கட்டும் முன்னால் பெர்மிட்டில் எந்தப் பக்கம், லாட்ஜ் எந்தப் பக்கம் என்று இரண்டையும் எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, நான் உகாண்டாவின் விமான நிலையம் இருக்கும் என்டெபேயில் இறங்கி ஒரு முழு நாள் ரோட்டிலேயே உட்கார்ந்து போனேன். காட்டின் தெற்குப் பக்கம் பெர்மிட் என்றால் ருவாண்டாவின் கிகாலியில் இறங்குவதுதான் புத்திசாலித்தனம், பாதி நேரம்கூட ஆகாது. விசாவை மட்டும் அதற்கேற்ற மாதிரி பார்த்து எடுக்கவேண்டும். ருவாண்டாவில் 2008-லிருந்து பாலித்தீன் பைக்குத் தடை, அதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என்டெபே வழியில் போனதால் ரோட்டோரத்தில் ‘ரோலெக்ஸ்’ கிடைத்தது. வாட்ச் இல்லை, சப்பாத்திக்குள் ஆம்லெட்டும் கொஞ்சம் தக்காளி, கோஸும் வைத்துச் சுருட்டித் தருவது. சூடாக இரண்டு உள்ளே போனால் மதியம் வரை தாங்கும்.

ஊசி விஷயத்தில் விளையாடாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் உகாண்டாவுக்குள் விடமாட்டார்கள், திரும்பி வரும்போது நம் ஊர் ஏர்போர்ட்டிலும் அதையே கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அது செல்லும். நான் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொண்டேன். ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும் என்பதால் சான்றாகக் கொடுக்கும் மஞ்சள் புத்தகத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்தே வையுங்கள். மலேரியா மாத்திரைக்கு டாக்டரைப் பாருங்கள். எனக்கு எழுதிக்கொடுத்ததை ஊருக்கு வந்த பிறகும் நான்கு வாரம் விழுங்கவேண்டியிருந்தது, வெறும் வயிற்றில் போட்டால் குமட்டித் தள்ளிவிடும். டாலர் நோட்டு வாங்கும்போது அதில் பொடியாக அச்சடித்திருக்கும் வருடத்தைப் பாருங்கள். 2009-க்கு முந்தைய நோட்டை அங்கே தொடவே மாட்டார்கள், பேனாக் கிறுக்கல் இருந்தாலும் திருப்பித் தருவார்கள்.

உடம்பைத் தயார் செய்வது பற்றிக் கேட்கிறார்கள். சென்னையில் மலைக்கு எங்கே போவது, மூன்று மாதம் அபார்ட்மெண்ட் படியில் தோளில் அரிசிப் பையோடு ஏறி இறங்கினேன், வாட்ச்மேன் முதல் வாரம் சிரித்தார், பிறகு பழகிவிட்டார். வெள்ளியங்கிரி ஏழு மலையும் ஏறி இறங்கியவர் என்றால் மூச்சு விஷயத்தில் கவலை வேண்டாம். ஆனால் அங்கே படியாவது பாதையாவது இருக்கிறது. இங்கே கொரில்லா எங்கே இருக்கிறதோ அதுதான் பாதை. முன்னால் ஒருவர் பெரிய கத்தியால் கொடியை வெட்டிக்கொண்டே போவார், வெட்டிப்போட்ட கொடி மேலேயே நாம் நடக்கவேண்டும். காலுக்குக் கீழே மண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது, கட்டில் மெத்தை மேல் நடக்கிற மாதிரி ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போகும். ருஷாகாவில் ஆரம்பமே இறக்கம் என்பது இன்னொரு சங்கடம். போகும்போது ஜாலியாக இறங்கிவிட்டு, களைத்துப்போன பிறகுதான் ஏறவேண்டியிருக்கிறது.

இப்போது ஷூ. கடைக்காரர் தண்ணீர் புகாது, கணுக்காலைப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது என்று சொன்னதெல்லாம் உண்மைதான், அதில் குறையே இல்லை. குறை என்னிடம். வழக்கமான சைஸிலேயே வாங்கினேன், நகத்தையும் வெட்டாமல் போனேன். இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் கட்டைவிரல் முன்னால் போய் இடித்து இடித்து, சாயங்காலம் கழற்றும்போது இரண்டு நகமும் நாவல் பழ நிறம். அரை சைஸ் பெரியதாக வாங்கியிருக்கவேண்டும், தடிமனான சாக்ஸ் போட்டுக்கொண்டே கடையில் போட்டுப் பார்த்திருக்கவேண்டும். எனக்கு வந்த போர்ட்டர் அம்மாவோ சாதாரண ரப்பர் கம்பூட்ஸ் போட்டுக்கொண்டு, என் பையையும் சுமந்துகொண்டு, ஆடு மாதிரி தாவிப் போனார்.

ஹார்டுவேர் கடையில் 120 ரூபாய்க்கு வாங்கிய தோட்டக் கையுறைக்கு முழு மார்க். உள்ளங்கையில் ரப்பர் பூசியிருக்குமே, அதேதான். வழுக்கும்போது கை தானாக எதையாவது பிடிக்கும், அங்கே பிடிக்கக் கிடைப்பது முள்ளாகவோ செந்தட்டி மாதிரி அரிக்கும் இலையாகவோ இருக்கும். குழுவில் ஒருவர் கையுறை இல்லாமல் வந்து அரை மணி நேரத்தில் கையைச் சொறிந்துகொண்டே நடந்தார். அப்புறம் அட்டைப்பூச்சி கடிக்காமலிருக்கப் போடும் அட்டைக் காலுறை. வால்பாறைப் பக்கம் போவதற்கு வாங்கி வைத்திருந்த துணி உறை, பேண்ட்டுக்கு மேல் முழங்கால் வரை இழுத்துக் கட்டுவது. அட்டைக்காக எடுத்துப்போகவில்லை, எறும்புக்காக. அங்கே பாதையின் குறுக்கே வரிசை போட்டுப் போகும் ஒரு எறும்பு இருக்கிறது, பேண்ட்டுக்குள் ஏறிவிட்டால் வெட்கம் மானம் பார்க்காமல் அவிழ்க்கவேண்டியதுதான். ஷூவுக்கு மேல் காலைச் சுற்றிக் கட்டும் விலை உயர்ந்த கெய்ட்டர் எல்லாம் வாங்காதீர்கள், இதுவே போதும்.

மழைக்கு ஜாக்கெட் நல்லது. ஜூலை வறண்ட பருவம் என்றாலும் அது மழைக்காடு, பத்து நிமிடம் கொட்டிவிட்டுப் போகும். தலைவழியாக மாட்டும் போர்வை மாதிரி மழைக்கோட்டு, போன்சோ, முள்ளில் மாட்டிக் கிழிந்தது. மழைப் பேண்ட், தண்ணீர் சுத்தம் செய்யும் பாட்டில், தலை விளக்கு, மடக்கு நாற்காலி (ஆமாம், ஏஜென்சி பட்டியலில் இருந்தது) எல்லாம் பையிலிருந்து வெளியே வரவே இல்லை. கைத்தடி வாசலிலேயே கொடுக்கிறார்கள். பெரிய லென்ஸும் வேண்டாம். இருட்டுக் காடு, கறுப்பு மிருகம், பிளாஷ் போடக்கூடாது, அதனால் வெளிச்சம் வாங்கும் சின்ன லென்ஸ்தான் உதவும், இல்லையென்றால் போனே போதும்.

நம் நோய் கொரில்லாவுக்குத் தொற்றாமலிருக்க, பக்கத்தில் போகும்போது மாஸ்க் கட்டாயம். பத்து மீட்டர் தள்ளி நிற்கவேண்டும், 15 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை, சளி இருமல் இருந்தால் உள்ளே விடமாட்டார்கள். 800 டாலர் கட்டியிருக்கிறேனே என்று தும்மலை மறைக்கப் பார்க்காதீர்கள். 1996-ல் இதே பிவிண்டியில் ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கே சொறி வந்து, ஒரு குட்டி செத்துப்போனது. மனிதர்களிடமிருந்து தொற்றியது என்றுதான் சந்தேகப்பட்டார்கள். அப்போது மருத்துவம் பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஸிகுசோகா, அதற்குப் பிறகு கொரில்லா ஆரோக்கியத்தோடு சுற்றியுள்ள கிராம மக்களின் ஆரோக்கியத்தையும் சேர்த்துக் கவனிக்க ஓர் அமைப்பையே தொடங்கிவிட்டார். 2019-ல் வெளிவந்த கணக்கில் மலைக் கொரில்லா மொத்தமே 1,063தான், எந்த மிருகக்காட்சிசாலையிலும் இந்த வகை கிடையாது. அதனால் நான் விமானத்திலேயே மாஸ்க் போட்டுக்கொண்டுதான் போனேன். கண்ணாடி போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏறி வந்த மூச்சில் மாஸ்குக்கு மேலே ஆவி வந்து கண்ணாடி மூடிக்கொள்ளும். எனக்கு முதல் ஐந்து நிமிடம் கொரில்லா வெறும் கறுப்புப் புகையாகத்தான் தெரிந்தது. மூக்குக்கு மேல் கம்பி வைத்த மாஸ்க் வாங்குங்கள், மேலே ஒரு டேப்பும் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கொரில்லாக் குடும்பத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு எட்டுப் பேர்தான். தேடுபவர்கள் விடியும்போதே போய், முந்தின ராத்திரி கொரில்லா படுத்த கூட்டிலிருந்து தடம் பிடித்து, கைடுக்கு ரேடியோவில் சொல்வார்கள். காட்டு யானை வந்தால் விரட்ட முன்னும் பின்னும் துப்பாக்கியோடு ஆள் வருவார்கள். எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. சிலருக்கு நாற்பது நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது, அது உங்கள் ஜாதகம். போர்ட்டர் இல்லாமல் நான் அரை வழியில் உட்கார்ந்திருப்பேன். பை தூக்குவது அவர் வேலையில் பாதிதான். வழுக்கும் இடத்தில் முன்னால் போய் நின்று கையை நீட்டுவார், ஏற்றத்தில் பின்னாலிருந்து முதுகைத் தள்ளுவார், ‘ம்போரா ம்போரா’ என்பார், மெல்ல மெல்ல என்று அர்த்தமாம். சுத்தமாக முடியாதவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகவும் ஆள் உண்டு, அதற்கு அங்கே வேடிக்கையாக ஹெலிகாப்டர் என்று பெயர், காசும் கிட்டத்தட்ட அந்த அளவுக்கு வரும்.

பார்ப்பதற்கு ஒரே ஒரு மணி நேரம். முதலில் வந்தது வாடைதான், வியர்வையும் புகையும் கலந்த மாதிரி. பிறகு கிளை முறிகிற சத்தம். கைடு தொண்டையைச் செருமுவது போல ஒரு ஒலி எழுப்பினார், புதருக்குள்ளிருந்து அதே மாதிரி பதில் வந்தது. வெள்ளி முதுகுக்காரர், அதாவது முதுகு வெளுத்த குடும்பத் தலைவர், எங்களைப் பார்க்கவே இல்லை. ஒரு தண்டை எடுத்துப் பல்லில் வைத்து இழுத்து, நாம் கரும்புத் தோலை உரிப்பதைப் போலவே உரித்துவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் மென்றார். விரல் நகத்தில் அழுக்குகூட நம்முடையது மாதிரியே. ஒரு குட்டி நெஞ்சில் தட்டிக்காட்டப் போய் பேலன்ஸ் தவறி மல்லாக்க விழுந்தது, அம்மாக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போனை எப்போது பாக்கெட்டில் போட்டேன் என்று ஞாபகமில்லை. பிறகு எண்ணிப் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு மொத்தமே 23 போட்டோ, அதில் பதினொன்று முதுகு.

அந்த ஒரு மணி நேரத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. 800 டாலருக்கு ஒரு மணி நேரம் என்றால் கணக்குப் போடும் மனசு போட்டுக்கொண்டேதான் இருக்கும், போடட்டும். மறுபடி போவேனா? போவேன், புஹோமா பக்கம் பெர்மிட் வாங்கி.

மேலே ஏறி வந்ததும் கையுறையையும் அட்டைக் காலுறையையும் போர்ட்டர் அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். கையுறையை உடனே மாட்டிக்கொண்டார். காலுறையை அப்படியும் இப்படியும் திருப்பி, உள்ளே கையை விட்டு, நாடாவை இழுத்துப் பார்த்துவிட்டு கைடிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று கேட்டேன். விதைக்கு வைக்கும் பீன்ஸைப் போட்டு உத்தரத்தில் கட்டித் தொங்கவிட நல்ல பை, எலி ஏறாது என்கிறாராம்.