மெமரி ஃபோமா, லேட்டக்ஸா, இலவம் பஞ்சா: எந்த மெத்தை யாருக்கு?

எனக்கு வலது தோளில் நாள்பட்ட வலி. மல்லாந்து படுத்தால் தூக்கம் பிடிக்காது. ஒருக்களித்தால் தோள் அழுந்தி, ஒரு மணி நேரத்தில் கை மரத்துப்போகும். அப்போது நாங்கள் படுத்திருந்தது ‘காயர்’ மெத்தை, அதாவது தென்னைநாரில் ரப்பர் பால் தெளித்து அமுக்கிச் செய்தது. முதுகுக்கு நல்லது என்று பலரும் சொல்லி வாங்கினோம். சில வருடங்களில் நடுவில் பள்ளம் விழுந்தது. எந்த ஓரத்தில் படுத்தாலும் விடியும்போது இருவரும் பள்ளத்தில்தான் கிடப்போம். மாற்றியே தீரவேண்டும் என்ற நிலை வந்த பிறகுதான் மற்ற மெத்தைகளைப் படுத்துப் பார்த்து ஒப்பிட ஆரம்பித்தேன்.

முதலில் மெமரி ஃபோம். இது படுக்கைக்காகப் பிறந்த பொருளே அல்ல. 1966ல் அமெரிக்காவின் நாசா, விமான இருக்கைகளில் மோதலின் வேகத்தைத் தாங்குவதற்காக உருவாக்கச் செய்தது. 1991ல் ஸ்வீடனில் அது மெத்தையாக விற்பனைக்கு வந்தது. சாதாரண ஃபோமை அழுத்திவிட்டால் சட்டென்று எழும்பும். இதில் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்தால் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருக்கும், பிறகு மெல்ல மெல்லத்தான் மேடாகும். உடல் சூடும் எடையும் படுகிற இடத்தில் இளகிக் கொடுப்பது இதன் குணம். தோளும் இடுப்பும் கொஞ்சம் புதைய, இடைப்பட்ட பள்ளத்தையும் மெத்தை தாங்கிக்கொள்கிறது. எடை ஒரே இடத்தில் குவியாமல் பரவுவதால்தான் படுக்கைப்புண் வராமல் தடுக்க மருத்துவமனைகளிலும் இந்த வகை ஃபோமைப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு முதல் வாரத்திலேயே கை மரப்பது நின்றது. பக்கத்தில் இருப்பவர் புரண்டாலும் நமக்கு அசைவு தெரியாது என்பது இன்னொரு பெரிய ஆறுதல்.

ஆனால் கத்திரி வெயில் வந்ததும் என் கணவரால் அதில் படுக்க முடியவில்லை. எங்கள் அறை மொட்டை மாடிக்கு நேர் கீழே. இரவு பதினொரு மணிக்கும் கூரை அனலாக இறங்கும். தூக்கம் வரும் நேரத்தில் உடலின் உள்வெப்பம் கொஞ்சம் இறங்கவேண்டும், அந்தச் சூடு தோல் வழியாக வெளியேற வேண்டும். மெமரி ஃபோமோ உடலைச் சுற்றி அணைத்துக்கொண்டு காற்றுப் போக வழி விடுவதில்லை. இரண்டு மணிக்கு முதுகெல்லாம் வேர்த்து எழுந்து, பாயை விரித்துத் தரையில் படுத்துவிடுவார். ‘கூலிங் ஜெல்’ சேர்த்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். படுத்த கொஞ்ச நேரம் சில்லென்று இருக்கும், பிறகு அதுவும் நம் சூட்டுக்கே வந்துவிடும். ஏசி ஓடும் அறை என்றால் இந்தக் குறை பெரிதாகத் தெரியாது. காற்றாடி மட்டும் என்றால் இரண்டு முறை யோசியுங்கள்.

அவருக்கு ஒத்துவந்தது லேட்டக்ஸ். ரப்பர் மரத்துப் பாலை நுரைக்க வைத்து அச்சில் வேகவைத்த மெத்தை இது. மேலிருந்து கீழ்வரை துளைத்துளையாக இருப்பதால் காற்று நடமாட்டம் அதிகம். அழுத்தினால் உடனே எதிர்த்து எழும்பும், அதனால் புரண்டு படுப்பதற்குச் சிரமமில்லை. இரவெல்லாம் இடம் மாறிப் படுப்பவர்களுக்கு இதுதான் சரி. ஆனால் என் தோளுக்கு மெமரி ஃபோம் கொடுத்த இளக்கம் இதில் இல்லை. விலையும் அதிகம், எடையும் அதிகம். உறை மாற்ற இரண்டு பேர் வேண்டும். முழுக்க இயற்கை ரப்பரா, செயற்கை கலந்ததா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். ரப்பர் ஒவ்வாமை இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

அத்தைக்கு இந்த இரண்டுமே பிடிக்கவில்லை. மெமரி ஃபோமில் ஒரு இரவு படுத்தவர், பாத்ரூம் போக எழும்போது கையை ஊன்ற, கை உள்ளே போனது. “பிடிமானமே இல்லம்மா, சேத்துல கால வெச்ச மாதிரி இருக்கு” என்றார். மூட்டுவலிக்காரர்களுக்கு மெமரி ஃபோம் வாங்குகிறவர்கள் படுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவர்களை அதிலிருந்து எழச் சொல்லியும் பாருங்கள்.

அத்தை திரும்பப் போனது தன் பழைய இலவம் பஞ்சுக்கு. போடிப் பக்கத்துப் பஞ்சு. இலவம் இழை உள்ளே வெற்றுக் குழாய், மேலே மெழுகுப் பூச்சு; எடையே இருக்காது, லேசில் நீரை உறிஞ்சாது. ஒரு காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு உடைகளில் இதைத்தான் அடைத்தார்கள். உடலைச் சூடேற்றாது, வெயிலில் காயப் போட்டால் உப்பி எழும். (மெமரி ஃபோமையும் லேட்டக்ஸையும் வெயிலில் போடவே கூடாது, கெட்டுவிடும்.) குறைகளும் உண்டு. நாளாக ஆகப் பஞ்சு திரண்டு தட்டையாகும். சில வருடத்துக்கு ஒருமுறை பிரித்து, அடித்து, புதுத் துணியில் அடைக்கவேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்பது எனக்கு உண்மையான வருத்தம். வீட்டில் வீசிங் இருப்பவர் இருந்தால் பஞ்சைப் பிரிக்கும்போது அவர் பக்கத்தில் இருக்கக்கூடாது.

முதுகுவலி என்றாலே கட்டாந்தரைதான் மருந்து என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. ஸ்பெயினில் நாள்பட்ட கீழ்முதுகுவலி உள்ள 313 பேரிடம் 90 நாள் நடத்திய ஆய்வு 2003ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. கெட்டியான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தரக் கெட்டியில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. மூன்று வகையில் எதை வாங்கினாலும் அந்த நடுத்தரத்தைத்தான் தேடுவேன்.

மெமரி ஃபோம் என்று முடிவு செய்தால் உறையின் ஜிப்பைத் திறந்து பாருங்கள். ஆறு அங்குல மெத்தையில் மெமரி ஃபோம் பல சமயம் மேலே ஓரிரண்டு அங்குலம்தான், மீதி சாதாரண ஃபோம். அது தப்பில்லை, அடியில் கெட்டியான தாங்கல் வேண்டும். ஆனால் மேல் அடுக்கின் அடர்த்தி கன மீட்டருக்கு 50 கிலோவுக்குக் குறையாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் பள்ளம் விழும். புதிதில் வரும் ரசாயன வாடை போக, சில நாள் காற்றாட விடுங்கள். கைக்குழந்தையை இதில் படுக்க வைக்கவே வேண்டாம். முகம் புதைந்தால் மூச்சு முட்டும்.

இப்போது எங்கள் கட்டிலில் ஒரே மெத்தை இல்லை. மூன்றடி அகலத்தில் இரண்டு தனி மெத்தைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே ஒரே விரிப்பு விரித்திருக்கிறோம். சுவர்ப் பக்கம் எனக்கு மெமரி ஃபோம், ஜன்னல் பக்கம் அவருக்கு லேட்டக்ஸ்.